வானத்துச் செய்தியும் லயத்துச் சாவும்

(ஸ்பிரிங்வெளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பு என்னுடையதில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்தது. "வேற்றுக்கிரகத்துல உயிர் இருக்குன்னு நாளைக்கு நிரூபிச்சுட்டா, சாமி கும்பிடுறது என்ன சேர் ஆகும்?" என்று கேட்டார்கள். கோயில் கமிட்டியில் ஒருவர், திருவிழா நெருங்குகிற நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டுமா என்று முகத்தைச் சுளித்தார். வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டு, அதற்கு ஒரு விடையும் எழுதிவைத்த மனிதர் நம் நாட்டில்தான் வாழ்ந்து செத்தார். கதைக்குக் களமாக அவர் எடுத்துக்கொண்டதும், உங்களில் பாதிப்பேர் வருஷா வருஷம் ஏறி இறங்குகிற மலையைத்தான்.

ஆதர் சி. கிளார்க்கைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர். கடலுக்கடியில் சுழியோடும் ஆசையில் 1956 இல் இலங்கைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். 1979 இல் அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயரை 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்று தமிழில் சொல்லலாம். அதில் இலங்கையின் பெயர் தப்ரபேன். தீவை அப்படியே பெயர்த்துத் தெற்கே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திக்கொள்கிறார். கதைக்கு அது தேவைப்படுகிறது. சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் வருகின்றன. அந்த மலையுச்சியிலிருந்து விண்வெளிவரைக்கும் ஒரு லிஃப்ட் கட்ட வேண்டுமென்று ஒரு பொறியியலாளர் வந்து நிற்கிறார். உச்சியில் இருப்பதோ பிக்குகளின் மடம். அவர்கள் இறங்க மறுக்கிறார்கள்.

இதற்கிடையில் வேறெங்கோ உள்ள ஒரு நாகரிகம் அனுப்பிய ஆளில்லாத கலம் நம் சூரியக் குடும்பத்தைக் கடந்து போகிறது. போகிற போக்கில் மனிதர்களோடு பேச்சுக் கொடுக்கிறது. தோமஸ் அக்குவைனாஸ் எழுதிய பெரிய இறையியல் நூலை அதற்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். இயந்திரம் பரீட்சைத் தாள் திருத்துவதுபோலத் தர்க்கப் பிழைகளைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறது. கடவுள் என்ற ஊகம் தேவையில்லாதது என்பது அதன் முடிவு. அத்தோடு பூமியில் மதங்களின் காலம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. மனிதனைவிட அறிவுள்ள ஒன்று வானத்திலிருந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பன்சாலைக்கும் தேவாலயத்துக்கும் வேலை இல்லை என்பது கிளார்க்கின் கணக்கு.

அந்தக் கணக்கு தவறு என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. தவறு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது வேதாந்தமும் இல்லை, சித்தாந்தமும் இல்லை. நம்முடைய லயங்களில் நடக்கிற சாவு.

முதலில், செய்தி எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்போம். 2007 டிசம்பரில் கிளார்க்குக்கு 90 வயது. அப்போது மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிருக்கு ஏதாவது ஒரு சான்று கிடைக்க வேண்டும். எண்ணெயை விட்டுவிட்டு உலகம் சுத்தமான சக்திக்கு மாற வேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். 2008 மார்ச் 19 இல் காலமானார். மூன்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. முதல் ஆசை இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு ஓர் அறிவிப்புச் செய்தது. சிம்ம ராசிப் பக்கம், 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெதில் சல்பைட் என்ற வாயுவின் தடயம் தெரிகிறது என்று. நம் பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். பத்திரிகைகள் துள்ளின. கொஞ்ச நாளில் வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்துவிட்டு, சான்று பலமாக இல்லை என்றன. உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் அந்த வாயு இருந்திருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில், செவ்வாயில் ஓடுகிற பெர்சிவரன்ஸ் ஊர்தி கண்ட ஒரு பாறையின் சிறுத்தைப் புள்ளிகள் பழைய நுண்ணுயிரின் அடையாளமாக இருக்கலாம் என்று நாசா சொன்னது. 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் கலம் 2030 இல் வியாழனுக்குப் போய்ச் சேரும். அதன் வேலையும் வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் உயிர் வாழ வசதி இருக்கிறதா என்று பார்ப்பது வரைக்கும்தான்.

நம் மாகாணமும் இந்தக் கதையில் கொஞ்சம் அடிபட்டது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 2012 நவம்பரில் மொணராகலை மாவட்டத்துச் செவனகலைப் பக்கம் சிவப்பு மழை பெய்தது. அந்த டிசம்பர் 29 இல் பொலன்னறுவை அரலகங்வில பகுதியில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லை, கொழும்பில் பிறந்து பிரிட்டனில் புகழ்பெற்ற சந்திரா விக்கிரமசிங்க ஆராய்ந்து, அதற்குள்ளே வானத்திலிருந்து வந்த நுண்பாசியின் புதைபடிவம் இருக்கிறது என்று சொன்னார். மற்ற விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அது நம்மூர் நன்னீரில் வாழும் சாதாரணப் பாசி; கல்லும் வானத்துக் கல்தானா என்பதே சந்தேகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நான் பார்த்த மட்டில், அந்தச் செய்தி வந்த வாரத்தில் எந்தக் கோயிலிலும் பூசை குறையவில்லை. சிவப்பு மழைக்குப் பரிகாரமாகக் கூடுதலாக ஒரு தேங்காய் உடைத்தார்கள், அவ்வளவுதான்.

இடையில் ஒரு குறை. 1977 இல் போன வொயேஜர் கலங்களில் ஓர் ஒலித்தட்டு வைத்து, வேற்றுலகவாசிக்கு 55 மொழிகளில் வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். சிங்களம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய அக்காதிய மொழிகூட இருக்கிறது. தமிழ் இல்லை. வேற்றுலகவாசி வந்தால் நம்மோடு பேச வேறொருவரைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

சரி, நாளைக்கே சான்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மதங்கள் திகைக்குமா?

கதிர்காமம் நம் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே வேல் தாங்கி நிற்கிறவன் யாரோடு போரிட்டான்? 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் வாங்கிய சூரபத்மனோடு. சைவ சித்தாந்தத்தில் 224 புவனங்கள் பேசப்படுகின்றன. மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் அண்டங்களை நூறு கோடிக்கு மேலே கொண்டுபோய், அத்தனையும் இறைவனுக்கு முன்னால் கூரை ஓட்டை வெயிலில் பறக்கும் தூசு என்கிறார். பாளி நூல்களில் ஆயிரம் ஆயிரமாக உலகங்கள். முஸ்லிம் சகோதரர்கள் ஒவ்வொரு தொழுகையிலும் இறைவனை அகிலங்களின் அதிபதி என்று பன்மையில்தான் அழைக்கிறார்கள். கத்தோலிக்கருக்குத்தான் இது சிக்கல் என்று நினைத்திருந்தோம். அண்டங்கள் எண்ணில்லாதவை என்று சொன்ன ஜோர்டானோ புரூனோவை 1600 இல் ரோமாபுரியில் உயிரோடு எரித்தவர்கள் ஆயிற்றே. புரூனோ மீதிருந்த குற்றச்சாட்டுகளில் அது ஒன்று. ஆனால் 2008 இல் வத்திக்கான் வானாய்வகத்தின் தலைவராயிருந்த பாதிரியார் ஹோசே கப்ரியேல் ஃபூனெஸ், வேற்றுலக உயிரையும் சகோதரன் என்று அழைப்பதில் தடையில்லை என்று பேட்டி கொடுத்தார். அதே வருஷம் டெட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க இறையியலாளர் பல மதத்தவரும் மதமற்றவருமாக 1300 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார். நம்பிக்கையுள்ளவர்களில் பெரும்பாலோர் தங்கள் நம்பிக்கை ஆடாது என்றார்கள். மதங்களுக்கு நெருக்கடி வரும் என்று அதிகமாகச் சொன்னவர்கள் மதமற்றவர்கள். அடுத்த வீட்டுக்காரன் என்ன ஆவானோ என்பது அவர்கள் கவலை.

கைதட்ட அவசரப்படாதீர்கள். 'எல்லாம் நம் புராணத்தில் அன்றைக்கே இருக்கிறது' என்று சொல்லப் போகிறேன் என்று சிலருக்கு முகம் மலர்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. சூரபத்மனின் அண்டங்கள் தொலைநோக்கியில் தெரிகிற கோள்கள் இல்லை. அவை ஒரு அசுரனின் ஆணவம் எவ்வளவு பெரியது என்று காட்டக் கவிஞன் போட்ட அளவு. அதை எடுத்துக்கொண்டு போய் நாசாவுக்குப் பக்கத்தில் வைப்பது புராணத்துக்கும் அவமானம், விஞ்ஞானத்துக்கும் அவமானம். நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த மதங்கள் எதுவும் மனிதன் தனியாக இருக்கிறான் என்ற நினைப்பில் எழுந்தவை இல்லை. அதனால் 'இன்னும் ஒருவர் இருக்கிறார்' என்ற செய்தி அவற்றின் அடிக்கல்லைத் தொடாது.

வெளியிலிருந்து ஓர் உயிர் வந்து நம் வாழ்க்கையைத் தலைகீழாக்கிய சம்பவம் ஏற்கனவே நடந்தும் இருக்கிறது. தூரத்தில் இல்லை, மடுல்சீமையில். 1869 இல் அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அது ஒரு பூஞ்சணம், கண்ணுக்குத் தெரியாத வித்து. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் கோப்பியை அது முடித்துவிட்டது. துரைமார் பலர் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். கோப்பிக்கு வருஷத்தில் சில மாதம் வந்து போய்க்கொண்டிருந்த நம் பாட்டன் பூட்டன்கள், தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும் என்பதால் குடும்பத்தோடு இங்கேயே தங்கினார்கள். நீங்களும் நானும் இந்த மலையில் இருப்பதற்கு அந்தத் தூளும் ஒரு காரணம். நாளைக்கு வானத்தில் ஏதாவது அகப்பட்டால் அதுவும் அநேகமாக இந்த மாதிரித்தான் இருக்கும்: பாசி, பூஞ்சணம், சேற்றில் ஒரு கறை. அக்குவைனாஸை வாசித்து மார்க் போடுகிற ஆள் வரப்போவதில்லை.

கோப்பி செத்தபோது சாமிகள் சாகவில்லை. கூடத்தான் செய்தார்கள். ஊரிலிருந்து வந்தபோது மாரியம்மன் வந்தாள், மாடசாமி வந்தார், முனியாண்டி வந்தார். குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை முடிந்துகொண்டு வந்து இங்கே வைத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. தேயிலை வந்தது, கவ்வாத்துக் கத்தி வந்தது. மலைக்குள் ஒரு கல் நட்டுக் கவ்வாத்துச் சாமி என்றார்கள். ஸ்டோர் வந்தது, அதற்குள்ளே பெரிய பெரிய ரோதைகள் சுற்றின. கொஞ்சம் அசந்தால் கையை இழுத்துக்கொள்ளும் ரோதை. நம்மாள் என்ன செய்தான்? ரோதைக்குள் ஒரு முனி இருக்கிறான் என்றான். ரோதைமுனி. கோழி அறுத்துப் பொங்கல் வைத்தான்.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலாந்தில் வார்த்த இரும்பு, இதற்கு முன் கண்டிராத சாதனம், அதைக் காட்டி 'இது உன் சாமியைவிடப் பலமானது' என்று சொல்லியிருந்தால் நம்மாள் மறுத்திருக்க மாட்டான். பலமானதுதான், அதனால்தான் அதற்கும் ஒரு கும்பிடு. அந்நியமான ஒன்று வந்தால் நம்பிக்கை உடைவதில்லை, அதற்கும் ஓர் இடம் ஒதுக்குகிறது. செவ்வாய்க்குக் குடிபோகிறவர்களில் ஒரு தோட்டத்துப் பிள்ளை இருந்தால் பையில் ஒரு பிடி மண் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

அப்படியானால் நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது? கிளார்க் அதை வானத்தில் தேடினார். நான் எழவு வீட்டில் தேடச் சொல்கிறேன்.

ஒரு லயத்தில் உயிர் போனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் சாமியைப் பற்றிப் பேசுவதில்லை. இஸ்தோப்பைக் கழுவுவார்கள். அடுத்த காம்பிராக்காரர் தன் வாங்கைத் தூக்கிக்கொண்டு வருவார். கேதம் சொல்ல இரண்டு பொடியன்கள் ஓடுவார்கள். பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் நீல அட்டைக் கொப்பியோடு வந்து திண்ணையில் குந்துவார்: பெட்டி, வெள்ளைத் துணி, தறப்பாள், கதிரை வாடகை, தேயிலைத்தூள், சீனி, வெற்றிலை பாக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. குழி வெட்ட நான்கு பேரின் பெயர். அதற்குப் பிறகுதான் நீர்மாலை, வாய்க்கரிசி, சங்கு, தப்பு. எட்டாம் நாள் படையல், பதினாறாம் நாள் கருமாதி.

இறந்தவனின் ஆத்மா எங்கே போகிறது என்று அந்த வீட்டில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். மறுபிறவி என்பார் ஒருவர், சிவலோகம் என்பார் ஒருவர், இந்த வீட்டு வாசலிலேயே நிற்கிறான் என்பாள் கிழவி. மூன்றையும் ஒரே ஆள் சொல்வதும் உண்டு. அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. நான்காவது ஆள் குழி வெட்ட வராவிட்டால்தான் சங்கடம்.

காமன் கூத்தைப் பாருங்கள். மாசியில் கம்பம் ஊன்றி, மன்மதனைச் சிவன் எரிக்கிற வரைக்கும் கொண்டுபோய், ரதியை அழவைத்து, பிறகு அவனை உயிரெழுப்புகிறோம். தமிழ்நாட்டில் லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடியவிடிய வாதாடுவார்கள். யார் ஜெயித்தாலும் அடுத்த வருஷம் கம்பம் ஊன்றுவது நிற்காது. வாதத்தில் தோற்றால் நம்பிக்கை போய்விடும் என்று நினைத்த கிளார்க்கை ஒருநாள் இதற்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

உண்மையில் அவருக்கும் இது உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. அதே நாவலில் அந்தப் பிக்குகள் கடைசியில் மலையை விட்டு இறங்குகிறார்கள். ஏன் இறங்குகிறார்கள்? வேற்றுலக இயந்திரத்தின் தர்க்கத்தைக் கேட்டா? இல்லை. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடம் மலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பழைய வாக்கு. வருஷா வருஷம் அடிவாரத்திலேயே செத்து விழுகிற பூச்சிகளை ஒரு புயல் உச்சிக்கு அடித்துக்கொண்டு வருகிறது. பிக்குகள் பேசாமல் மூட்டை கட்டுகிறார்கள். மதத்தை வானத்துத் தர்க்கத்தால் ஒழித்த அதே கையால் கிளார்க் இதையும் எழுதினார். விஞ்ஞானி கிளார்க்கைவிடக் கதைக்காரர் கிளார்க்குக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

அவருடைய சாவையும் பார்ப்போம். எந்த மதத்தின் எந்தச் சடங்கும் தன் இறுதிக்கிரியையில் கூடாது என்று எழுதிவைத்தார். அப்படியே நடந்தது. ஆனால் எங்கே அடக்கம்? பொரளை கனத்தை மயானத்தில், 1977 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோன அவருடைய அருமை நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்கவுக்குப் பக்கத்தில். முப்பது வருஷத்துக்கு முன் போனவருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எந்தத் தர்க்கம் இருக்கிறது? கிளார்க்கின் மரபணு மாதிரி ஒன்றைப் பிறகு நிலவுக்கும் அனுப்பினார்கள். 2024 ஜனவரியில் போன அந்தக் கலம் பழுதாகி, திரும்பிவந்து பசிபிக் கடலுக்கு மேல் எரிந்துபோனது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் அதற்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள்: நிலவு எங்களுக்குப் புனிதம், அதில் அஸ்தியைப் போடாதீர்கள் என்று. விண்வெளி யுகத்தில் மதச் சண்டை வந்தால் எதைப் பற்றி வரும் என்பதற்கு இது ஒரு மாதிரி.

ஆபிரகாம் கோவூர் இன்னும் ஒருபடி மேலே போனார். கேரளத்தில் மார்த்தோமா பாதிரியார் ஒருவரின் மகன், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பேய்க்கும் சாமியாருக்கும் சவால் விட்டவர். 1978 இல் இறக்குமுன் கண்ணைக் கண் வங்கிக்கு, உடலை மருத்துவ மாணவர்களுக்கு, எலும்புக்கூட்டைத் தான் கடைசியாகப் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு என்று எழுதிவைத்தார். எனக்கு அவர்மீது பெரிய மரியாதை. ஆனாலும் பாருங்கள், உடம்பின் ஒவ்வொரு துண்டும் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று உட்கார்ந்து பங்கு பிரித்திருக்கிறார். செத்த உடம்பு வெறும் சடம்தான் என்று நம்பியவர், அதை வெறுமனே விட்டுவிட்டுப் போகவில்லை.

இப்போது ஒரு கசப்பான சான்று. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி போட்டது. அடக்கம் செய்தாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. முஸ்லிம்களின் ஜனாசாக்களை எரித்தார்கள். பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். அதற்கும் ஓட்டமாவடியில் ஓர் ஒதுக்குப்புறம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தப் பத்து மாதம் நம் பதுளை முஸ்லிம் நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாராவது 'சிம்ம ராசியில் ஒரு வாயு இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜனாசாவைத் தொட்டபோது உயிரே ஆடிப்போனது.

மீரியபெத்தையை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் சிலருக்கு அங்கே சொந்தம் உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து இறங்கியது. 2005 இலும் 2011 இலும் அந்த இடத்தை விட்டு மக்களை எழுப்பச் சொல்லி எச்சரிக்கை வந்திருந்தது. மண்ணுக்குள் இருந்து எடுத்தது சில உடல்களைத்தான், மற்றவர்கள் அங்கேயே. அதற்குப் பிறகு அந்த மக்கள் கேட்டதில் இரண்டு விஷயம் எனக்கு மறக்கவில்லை. எங்களுக்கு வீடு எங்கே என்பது ஒன்று. முகத்தைப் பார்க்காமல் எப்படிக் காரியம் செய்வது என்பது மற்றது. உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உரு செய்து எரிக்கிற முறை சாஸ்திரத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ இந்தத் துக்கத்தை யோசித்து வைத்திருக்கிறார்.

ஆகையால் பிள்ளைகளே, உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். மதம் மாறத்தான் போகிறது, மாறிக்கொண்டும் இருக்கிறது. வானத்தால் இல்லை. சாவு நடக்கிற விதம் மாறுவதால்.

அம்மா மாரியம்மன் கோயில், மகன் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவன். அம்மா செத்தால் கொள்ளி வைப்பது யார்? தப்பு அடிக்கலாமா, பாட்டுப் பாடலாமா? ஒரே வாசலில் இரண்டும் முட்டி, குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியோடு திரும்பி வந்த கதை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மத்திய கிழக்கில் வேலைக்குப் போன பெண் அங்கேயே இறந்துபோகிறாள். உடல் கட்டுநாயக்கவுக்கு வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம். வரும்போது ஆணி அடித்த பெட்டி. பதினாறாம் நாளை எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது, உயிர் போன நாளிலிருந்தா, குழியில் வைத்த நாளிலிருந்தா? பஞ்சாங்கத்தைப் பார்த்த ஐயர் ஒரு மாதிரி சொன்னார், பூசாரி வேறு மாதிரி சொன்னார், அவளுடைய பிள்ளை இரண்டு நாளும் செய்வோம் என்று முடித்துவிட்டான். எந்த ஆகமத்திலும் இல்லாத விதியை அன்றைக்கு ஒரு 19 வயசுப் பையன் போட்டான். ஊர் ஏற்றுக்கொண்டது.

தப்புக்கு ஆள் இல்லை என்ற முறைப்பாடும் இருக்கிறது. ஒரு சாதிக்காரன்தான் அடிக்க வேண்டும் என்று ஆக்கிவைத்துவிட்டு, அவன் பிள்ளை ஓ.எல். பாஸ் பண்ணிக் கொழும்புக்கு வேலைக்குப் போனபிறகு, 'பாரம்பரியம் அழிகிறது' என்று இன்னொருத்தன் கண்ணீர் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பையன் மறுத்தது சரி. தப்பு வேண்டும் என்கிறவன் தானே தோளில் மாட்டிக்கொள்ளட்டும். இப்போது சில இடங்களில் எல்லாச் சாதிப் பொடியன்களும் சேர்ந்து பழகுகிறார்கள், நல்லது. மலர்ச்சாலைக்காரர் உடலுக்கு ஊசி போட்டு மூன்று நாள் வைக்கலாம் என்கிறார். கனடாவிலிருந்து அண்ணன் வரக் காத்திருக்கிறோம். வராத அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறோம். ஒப்பாரியும் போனிலேயே கேட்கிறது. கடவுளைப் பற்றிய கொள்கை இதில் ஒன்றும் மாறவில்லை. யார் கூட நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, யாருக்குத் தொட உரிமை என்பதெல்லாம் மாறிவிட்டன. நூறு வருஷம் கழித்து மதம் என்று எது மிஞ்சுகிறதோ, அது இந்தக் கேள்விகளுக்கு நாம் இப்போது கொடுக்கிற பதிலிலிருந்துதான் வரும்.

கிளார்க்கின் இயந்திரம் நாளைக்கு நிஜமாகவே வந்து, உங்கள் சாஸ்திரம் முழுக்கப் பிழை என்று சொன்னாலும், அதனிடம் நான் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: உன்னை அனுப்பியவர்கள் சாகிறார்களா? செத்தால் யார் தூக்குவது? சாகாதவர்கள் என்றால் அவர்களிடம் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம், ஆனால் இந்த விஷயத்தில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக ஒரு காரியம். இந்த மேடையை அதற்குப் பயன்படுத்துவதற்குக் கூட்டத் தலைவர் கோபிக்கக் கூடாது. நம் பக்கத்து மரண உதவிச் சங்கங்களில் பலவற்றின் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில், கிரியை சைவ முறைப்படி நடந்தால்தான் பணம் என்று இருக்கிறது. வருஷக்கணக்காகச் சந்தா கட்டிய ஒரு குடும்பம் சபைக்குப் போனதால் பெட்டிக் காசு கிடைக்காமல் கடன் வாங்கி அடக்கம் செய்தது. இன்னொன்றில், அங்கத்துவம் குடும்பத் தலைவன் பெயரில் மட்டும். அவன் செத்தால் பொஞ்சாதி புதிதாகச் சேர வேண்டும், அறுபது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். இரண்டு விதியையும் எடுத்துவிடக் கோரி அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை எழுதியிருக்கிறேன். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு அங்கத்தவர் வேண்டும் என்று செயலாளர் சொல்கிறார். அவர் பின்வரிசையில் நீலக் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளின் கேள்விகளை முடித்துக்கொண்டு, சம்மதமானவர்கள் அவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பெண்கள் முதலில்.